புனித வாரத்தில் எருசலேம்: கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

குருத்தோலை ஞாயிறு தொடங்கி ஈஸ்டர் வரை எருசலேமில் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது பலருக்கு வாழ்நாள் ஆசை. பணம் சேர்த்து, விடுப்புப் போட்டு, போய் இறங்கிய பிறகு "எதையுமே நிம்மதியாகப் பார்க்க முடியவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்களும் நிறைய. அந்த வருத்தம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால் வருவது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையினர் போனாலும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விழா நாளில் போவது நல்லதா, கூட்டம் இல்லாத நாளில் போவது நல்லதா?

இடத்தைப் பார்க்கப் போகிறீர்களா, விழாவில் கலந்துகொள்ளப் போகிறீர்களா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஈஸ்டர் வாரத்தில், இயேசுவின் கல்லறை இருந்ததாக நம்பும் இடத்தில் கட்டிய திருக்கல்லறை ஆலயத்தின் தூண்களையும் பீடங்களையும் ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. தோளோடு தோள் உரசும் கூட்டம், இரும்புத் தடுப்பு, போலீஸ், வழிபாட்டுக்காக அவ்வப்போது சாத்தப்படும் கதவு, இவ்வளவுதான் கண்ணில் படும். ஆனால் பத்து மொழிகளில் பாடிக்கொண்டு ஒலிவ மலையிலிருந்து இறங்கும் பவனி வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

என் யோசனை: குருத்தோலை ஞாயிறுக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் அந்த நாட்களில் பார்த்து முடித்துவிடுங்கள். புனித வாரம் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டு, அதில் முழுமையாக நில்லுங்கள். காலையில் சிலுவைப் பாதை, மதியம் சாக்கடல், மாலையில் பெத்லகேம் என்று பட்டியல் போடும் டூர் நிறுவனத்திடம் "இது பெரிய வெள்ளி அன்றா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

எந்த ஈஸ்டர்? அங்கே இரண்டு ஈஸ்டர் என்கிறார்களே?

ஆமாம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி கொண்டாடுகிறார்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கோப்தியர், எத்தியோப்பியர் போன்றோர் பழைய ஜூலியன் கணக்கைப் பின்பற்றுகிறார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் விழும். 2025-ல் ஏப்ரல் 20 அப்படி அமைந்தது. அடுத்து 2028-ல் ஏப்ரல் 16. 2027-ல் நம் ஈஸ்டர் மார்ச் 28, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2. ஐந்து வாரம் இடைவெளி.

இரண்டும் சேர்ந்து வரும் ஆண்டில் ஊரே திரண்டு நிற்கும். ஆலயத்துக்குள் ஒவ்வொரு சபைக்கும் மணிக்கணக்குப்படி நேரம் ஒதுக்கி, ஒருவர் பவனி முடிந்ததும் அடுத்தவர் தொடங்குவார்கள். அதைப் பார்ப்பதே ஓர் அனுபவம்தான். ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு, வயதானவர்களுக்கு, இடைவெளி உள்ள ஆண்டுதான் நல்லது.

யூதர்களின் பாஸ்கா பண்டிகை எந்த வாரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாளும் யூதக் கடைகளில் புளித்த மாவுப் பொருள் எதுவும் கிடைக்காது. ஹோட்டல் வாடகை ஏறும். யூதர்கள் செபிக்கும் மேற்குச் சுவர்ப் பக்கம் நகரவே முடியாது. பழைய நகரத்தின் கிறிஸ்தவ, முஸ்லிம் பகுதிகளில் ரொட்டி வழக்கம்போல் கிடைக்கும், பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

விசா எப்படி?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே இஸ்ரேல் விசா எடுத்தாக வேண்டும். குழுவாகப் போனால் டூர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. சிறிய அட்டை ஒன்று தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள். ஹோட்டலிலும் பெத்லகேமிலிருந்து திரும்பும் சோதனைச் சாவடியிலும் அது தேவைப்படலாம்.

தங்குவதற்கு எந்தப் பகுதி வசதி?

புனித வாரத்துக்கு மட்டும் போகிறவர்கள் பழைய நகர மதிலுக்குள்ளேயோ அதை ஒட்டியோ தங்கப் பாருங்கள். பிரான்சிஸ்கன் துறவிகளின் காசா நோவா, யாப்பா வாசல் அருகே ஆங்கிலிக்கன் சபையின் கிறைஸ்ட் சர்ச் விடுதி, சிலுவைப் பாதையின் மேலேயே இருக்கும் ஆஸ்திரிய விடுதி, புதிய வாசலுக்கு எதிரே நோத்ர தாம் எல்லாம் பல ஆண்டுகளாகப் பயணிகளை ஏற்கும் இடங்கள். ஈஸ்டருக்கு மாதக் கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும்.

நம் ஊர்க் குழுக்களைப் பெரும்பாலும் பெத்லகேமில் தங்கவைப்பார்கள். வாடகை குறைவு. மற்ற நாளில் அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் பெரிய வியாழன் இரவு கெத்சமனியில் இருக்க வேண்டும், பெரிய வெள்ளி விடியற்காலையில் கல்வாரியில் நிற்க வேண்டும் என்றால் இடையில் சோதனைச் சாவடியும் அடைத்த சாலைகளும் இருக்கும். ஆகவே பெரிய வியாழன் முதல் சனி வரை அந்த மூன்று இரவுகளாவது எருசலேமில் தங்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால் யூதப் பகுதிப் பேருந்தும் டிராமும் ஓடாது. தமஸ்கு வாசல் பக்கத்திலிருந்து புறப்படும் அரபுப் பேருந்துகள் ஓடும்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் யார் வேண்டுமானாலும் சேரலாமா?

சேரலாம். டிக்கெட், அனுமதி எதுவும் இல்லை. ஒலிவ மலைக்குப் பின்னால் இருக்கும் பெத்பகேயில் மதியத்துக்குப் பிறகு தொடங்கும். மலை உச்சி ஏறி, ஆண்டவர் நகரத்தைப் பார்த்து அழுத இடத்தில் கட்டிய கண்ணீர்த் துளி வடிவக் கோயிலைத் தாண்டி, கெத்சமனி வழியாக இறங்கி, சிங்க வாசலுக்குள் நுழைந்து புனித அன்னாள் ஆலய வளாகத்தில் முடியும். இறக்கம் மிகச் செங்குத்து. சுண்ணாம்புக் கல் பாதை, பல நூறு ஆண்டு கால் பட்டு வழவழவென்று இருக்கும். மழைத் தூறல் விழுந்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அல்லது ஷூ கட்டாயம்.

முன்னால் கிடார், மேளத்தோடு இளைஞர்கள், நடுவில் ஒவ்வொரு நாட்டுக் கொடி, கடைசியில் பிரான்சிஸ்கன் துறவிகளும், அங்குள்ள கத்தோலிக்கரின் தலைவரான இலத்தீன் பிதாப்பிதாவும். உள்ளூர் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பங்கு பங்காக வருவார்கள். நீங்கள் தமிழில் "ஓசன்னா" பாடினால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரர் சேர்ந்து கை தட்டுவார். புனித அன்னாள் ஆலயத்துக்குள் வேறொரு நாள் போய்ப் பாடிப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்வீரர் காலத்தில் கட்டிய கல் மண்டபம். நாலு பேர் பாடினால் நாற்பது பேர் பாடுவதுபோல் கேட்கும். பக்கத்திலேயே பெதஸ்தா குளம்.

பெரிய வியாழன் அன்று கடைசி இராவுணவு நடந்த அறையில் திருப்பலி உண்டா?

சீயோன் மலையில் உள்ள அந்த மேல்வீட்டறையில் வழக்கமாகத் திருப்பலி வைக்க அனுமதி இல்லை. கீழ்த்தளத்தில் தாவீதின் கல்லறை என்று யூதர் வணங்கும் இடம். அறையே ஒரு காலத்தில் மசூதியாக இருந்தது. யாருக்கு என்ன உரிமை என்பது பழைய வழக்கு. பெரிய வியாழன் அன்று பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கே பவனியாகப் போய்ப் பாதம் கழுவும் சடங்கை நடத்துவார்கள்.

திருக்கல்லறை ஆலயத்தில் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி மாலையில் அல்ல, காலையிலேயே நடந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மாலை போய் நின்றால் ஏமாற்றம்தான். எந்தச் சபை எந்த நேரத்தில் வழிபட வேண்டும் என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிவான விஷயம். அதை மாற்ற யாருக்கும் துணிவில்லை.

அன்று இரவைக் கெத்சமனிக்கு ஒதுக்குங்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பார்லுஸி வடிவமைத்து 1924-ல் முடித்த அனைத்து நாடுகளின் ஆலயம் அங்கே இருக்கிறது. ஊதா நிறக் கண்ணாடிச் சன்னல்கள் என்பதால் பகலிலும் உள்ளே அரை இருட்டு. பீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு பாறை, சுற்றிலும் முள்முடி வடிவில் இரும்பு வேலி. வியாழன் இரவு அங்கே பல மொழிகளில் திருமணி ஆராதனை நடக்கும். முடிந்ததும் கையில் மெழுகுவர்த்தியோடு கெதரோன் பள்ளத்தாக்கு வழியாக, பேதுரு மறுதலித்த இடத்தில் உள்ள ஆலயம் வரை நடப்பார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பெரிய வெள்ளி அன்று சிலுவைப் பாதையில் நடக்க முடியுமா?

முடியும், ஆனால் மெதுவாக. வியா டொலொரோசா என்ற அந்தப் பாதை மொத்தமே சுமார் 600 மீட்டர். 14 நிலைகளில் கடைசி ஐந்தும் திருக்கல்லறை ஆலயத்துக்குள். பாதை அமைதியான தோட்டப் பாதை அல்ல, கடைத்தெரு. மசாலா மூட்டை, சட்டை, பொம்மை, மாதுளைச் சாறு விற்கிற கடைகளுக்கு நடுவே சிலுவையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சிலருக்கு இது அதிர்ச்சி. ஆண்டவர் சிலுவை சுமந்து போன நாளும் பண்டிகைக் காலக் கடைத்தெருவாகத்தான் இருந்திருக்கும்.

5-ஆம் நிலையில், சீரேனே ஊர் சீமோன் சிலுவையை வாங்கிய இடத்தில், சுவரில் ஒரு கல் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கும். போகிறவர் எல்லோரும் கை வைத்து வைத்து எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருக்கும். கூட்டத்தில் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள்.

முக்கியமான ஒன்று: வெள்ளிக்கிழமை என்பதால் அல்-அக்ஸா மசூதியில் ஜும்மா தொழுகை முடிந்து ஆயிரக்கணக்கானோர் இதே தெருக்களில் எதிரே வருவார்கள். ஆகையால் காலையிலேயே, எட்டு ஒன்பது மணிக்குள், தனிக் குழுவாக நடந்து முடித்துவிடுவது நல்லது. பிரான்சிஸ்கன் துறவிகளின் பெரிய பவனி நண்பகலை ஒட்டிப் போகும். அன்று மாலை இருட்டிய பிறகு ஆலயத்துக்குள் இயேசுவின் திருவுருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, தைலம் பூசி, கல்லறைக்குக் கொண்டுபோகும் சடங்கு நடக்கும். ஆண்டின் மற்ற வெள்ளிகளில் பிற்பகல் 3 மணிக்கு, கோடையில் 4 மணிக்கு, துறவிகள் நடத்தும் சிலுவைப் பாதையில் யாரும் சேரலாம்.

திருக்கல்லறை ஆலயத்துக்குள் என்ன பார்க்கலாம்? எவ்வளவு நேரம் வரிசை?

சாதாரண நாளிலேயே கல்லறைச் சிற்றாலயத்துக்கு ஒரு மணி, இரண்டு மணி நேர வரிசை உண்டு. விழா வாரத்தில் கணக்குச் சொல்ல முடியாது. விடியற்காலையில் கதவு திறந்தவுடன் போனால் மட்டுமே அமைதி கிடைக்கும்.

கதவு திறப்பதே ஒரு காட்சி. சாவி ஜூதே குடும்பத்திடம்; திறக்கும் பொறுப்பு நுசைபே குடும்பத்துக்கு. இரண்டும் முஸ்லிம் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக. உள்ளே இருக்கும் துறவி கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஓர் ஏணியை வெளியே தள்ளுவார். அதில் ஏறித்தான் மேல் பூட்டைத் திறப்பார்கள். நுழைவாயிலுக்கு மேலே சன்னலோரம் இன்னொரு மர ஏணி நிற்கும். 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே இருக்கிறது. கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், கோப்தியர், சிரியர், எத்தியோப்பியர் ஆகிய ஆறு சபைகள் பகிர்ந்துகொள்ளும் ஆலயம் இது. உஸ்மானிய சுல்தானின் 1852 ஆணைப்படி எது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் அந்த ஏணியைக்கூட நகர்த்த முடியாது. 2008-ல் கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் உள்ளேயே கைகலந்தது உலகம் முழுக்கச் செய்தியானது.

நுழைந்தவுடன் வலப்பக்கம் செங்குத்தான குறுகிய படிகள். ஏறினால் கொல்கொதா, அதாவது கல்வாரி. கிரேக்கப் பீடத்தின் அடியில் குனிந்து கை விட்டால் பாறையைத் தொடலாம். கீழே இறங்கினால், இயேசுவின் உடலுக்குத் தைலம் பூசியதாக நம்பும் கல். அதன்மேல் எண்ணெய் ஊற்றித் துணியால் ஒற்றி எடுத்து, ஊரில் உள்ள நோயாளிகளுக்குக் கொண்டுபோவார்கள் ரஷ்யப் பாட்டிகள். கல்லறைச் சிற்றாலயத்தில் முதலில் வானதூதரின் அறை, பிறகு குனிந்து நுழையும் உள் அறை. நாலு பேர் நிற்கலாம். சில நொடிகளில் துறவி "போதும், வாருங்கள்" என்று கதவைத் தட்டுவார். சொல்ல வேண்டிய செபத்தை வரிசையிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள சிற்றாலயம் 1808 தீ விபத்துக்குப் பிறகு 1810-ல் கட்டியது. 2016-ல் பழுது பார்க்கும்போது பளிங்குப் பலகையைத் தூக்கி உள்ளே இருந்த பாறையைப் பார்த்தார்கள்.

புனித நெருப்புச் சடங்குக்குப் போகலாமா?

ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை நண்பகலுக்குப் பின் நடப்பது. கிரேக்கப் பிதாப்பிதா கல்லறைக்குள் போய், எரியும் மெழுகுவர்த்திகளோடு வெளியே வருவார். அங்கிருந்து கைக்குக் கை மாறி ஓரிரு நிமிடத்தில் ஆலயம் முழுக்கத் தீப்பிழம்பு. ஆண்டவரின் வயதுக்கு ஒன்றாக 33 மெழுகுவர்த்தி கட்டிய கட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். மணி அடிக்கும், இளைஞர்கள் தோளில் ஏறிக் கத்துவார்கள், மேளம் முழங்கும்.

நெரிசல் பயம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள் உள்ளே போக வேண்டாம். 1834-ல் இதே சடங்கில் நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் போலீஸ் உள்ளே விடும் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டது. 2023-ல் சுமார் 1,800 பேர்தான். இதில் உள்ளூர் கிறிஸ்தவர்களுக்குப் பெரும் மனக்குறை. தாத்தா காலத்திலிருந்து போய்வந்த தங்கள் கோயிலுக்குத் தடுப்பு போட்டு அனுமதிச் சீட்டு கேட்பதா என்கிறார்கள். அவர்கள் இடத்தை நாம் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, கிறிஸ்தவர் பகுதித் தெருக்களில் நின்றால் நெருப்பு அங்கேயே வந்து சேரும்.

ஈஸ்டர் ஞாயிறு காலை எங்கே?

நம் ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் கத்தோலிக்கரின் பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு இங்கே சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். ஞாயிறு காலை பெரிய திருப்பலியும் கல்லறையைச் சுற்றிப் பவனியும் உண்டு. புராட்டஸ்டன்டுகளில் பலர் தமஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை இதுதான் என்று சிலர் நம்பும் தோட்டக் கல்லறையில் சூரிய உதய ஆராதனைக்குப் போவார்கள். இருட்டோடு வரிசையில் நிற்க வேண்டும்.

எது உண்மையான கல்லறை?

திருக்கல்லறை ஆலயம் இருக்கும் இடத்தை 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் அடையாளம் கண்டு, 335-ல் ஆலயத்தை அர்ப்பணித்தார்கள். தோட்டக் கல்லறையை 1883-ல் பிரிட்டிஷ் தளபதி கோர்டன் முன்வைத்தார். தொல்லியலாளர்களில் பெரும்பாலோர் முதலாவதன் பக்கம். தோட்டக் கல்லறை இயேசுவின் காலத்துக்கு மிக முந்தையது என்பது அவர்கள் கருத்து. ஆனாலும் சுவிசேஷத்தில் படித்த தோட்டம் கண்முன் தெரிவது இரண்டாவதில்தான். திருவிருந்து எடுக்கவும் உட்கார்ந்து பாடவும் அங்கே இடம் உண்டு. வாக்குவாதம் செய்யாமல் இரண்டுக்கும் போய் வாருங்கள்.

உடை, நடத்தை?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். சேலை, சுடிதார் தாராளமாகப் போதும். மார்ச், ஏப்ரல் இரவுகள் குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். வழிபாடு நடக்கும்போது செல்ஃபி குச்சியை நீட்டாதீர்கள்.

தமிழில் ஏதாவது இருக்கிறதா?

ஒலிவ மலையில் உள்ள பாத்தர் நோஸ்தர் ஆலயத்தில், ஆண்டவர் கற்பித்த செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பீங்கான் பலகைகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழும் உண்டு. ஞாயிறன்று மூடியிருக்கும் என்பதால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேம் போனால்?

எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். பாலஸ்தீன நிர்வாகப் பகுதி, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி நடப்பது பிறப்பு ஆலயத்தை ஒட்டிய புனித கத்தரீனா ஆலயத்தில். இலவச டிக்கெட்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். கிடைக்காதவர்கள் வெளியே சதுக்கத்தில் திரையில் பார்க்கலாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் ஜனவரி 7, அர்மீனியருக்கு ஜனவரி 19. ஆக, டிசம்பர் கூட்டத்துக்குப் பயந்தால் இன்னும் இரண்டு வாய்ப்பு. பிறப்பு ஆலய வாசல் ஆள் உயரத்துக்கும் வெகு கீழே, குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் குகைக்கு இறங்கும் படிகளில் கவனம்.

பாதுகாப்பு எப்படி?

2023, 2024 இரண்டு ஆண்டும் போர் காரணமாகப் பெத்லகேமில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் ரத்தாகி வழிபாடு மட்டும் நடந்தது. நிலைமை மாதத்துக்கு மாதம் மாறும் ஊர் இது. பதிவு செய்வதற்கு முன்னும் கிளம்புவதற்கு முன்னும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பயணம் ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். "ஃபாதர் சொன்னார், பாஸ்டர் சொன்னார்" என்பதெல்லாம் ரசீது ஆகாது.

அரசு மானியம் கிடைக்குமா?

தமிழ்நாட்டைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்கு எருசலேம் புனிதப் பயண மானியத் திட்டம் 2011 முதல் இருக்கிறது. முதலில் 20,000 ரூபாய். பிறகு 37,000 ஆகவும், அருட்சகோதரிகளுக்கு 60,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பயணம் முடித்துவந்த பிறகு விண்ணப்பித்தால் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கும் முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் விமானப் பயணச் சீட்டு, போர்டிங் பாஸ், விசா நகல், அங்கே தந்த சிறிய அட்டை எதையும் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.